கணினிப் பட்டமும் முதற்படி வேலையும்

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும், கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்ஆஃப் மதிப்பெண்ணில் முன்னிற்கும் மாணவர்களுள் பெரும்பாலோர் கணினி அறிவியலையோ, அதன் உடன்பிறப்புகளான தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுள் ஒன்றையோதான் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்களுக்குமேல் கூடாது என்றிருந்த வரம்பை, போதிய வசதியுள்ள கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25ஆம் கல்வியாண்டு முதல் நீக்கிவிட்டதால், சிவிலும் மெக்கானிக்கலும் ஆளின்றிக் கிடந்த கட்டடங்களிலேயே கணினிப் பிரிவு வகுப்புகள் ஏ, பி, சி என்று நீண்டுகொண்டே போகின்றன. கணினிப் பட்டம் வாங்கினால் கணினி நிறுவனத்தில் வேலை என்ற நம்பிக்கையே இந்த நெரிசலுக்கு அடிப்படை. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளாக இங்கே ஆளெடுப்பு நடந்த முறையைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு சித்திரம் தென்படுகிறது. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆளெடுத்த காலத்தில் பட்டத்தின் கிளை எது என்பதை அவை பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. கற்ற கணினி அறிவு உண்மையிலேயே பொருட்படத் தொடங்கியிருக்கும் இக்காலத்திலோ அந்த ஆயிரக்கணக்கான ஆளெடுப்பு சுருங்கி வருகிறது. கணினிப் பட்டதாரிகளின் எதிர்காலம் பற்றிய எந்தக் கணிப்பும் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளை கேட்காத காலம்

1968இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டிசிஎஸ்) தொடங்கப்பட்டபோது இந்தியாவில் கணினிகளே விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்தன. ஐஐடி கான்பூரில் 1963இல் ஐபிஎம் 1620 கணினியைக் கொண்டு தொடங்கிய பாடங்களும் அதன்பின் மற்ற ஐஐடிகளில் உருவான துறைகளும் ஆண்டுக்குச் சிலரையே உருவாக்கின. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்க மறுத்து 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1991இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாகி ஏற்றுமதி நிறுவனங்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்பும் வரிச்சலுகையும் கிடைத்தன. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது பழைய நிரல்களில் இரண்டு இலக்கமாக எழுதப்பட்டிருந்த ஆண்டுகளை நான்கு இலக்கமாக்கும் ஒய்2கே திருத்தப்பணிக்கு மேலை நாடுகளில் ஆள் போதவில்லை. இவை அடுத்தடுத்து நேர்ந்ததால், நிரல் எழுதக் கற்பிக்கத்தக்க இளைஞர்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். "கற்பிக்கத்தக்க" என்ற சொல்லில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

அந்த இளைஞர்கள் தமிழ்நாட்டில் ஆயத்தமாக இருந்தார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கியதன் விளைவாக, கிண்டி, கோவை, திருச்சி, மதுரை என்று சில ஊர்களில் அடங்கியிருந்த பொறியியல் கல்வி நெடுஞ்சாலையோரப் புஞ்சை நிலங்களுக்கெல்லாம் பரவியது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும், 2007-08இல் நுழைவுத்தேர்வு நீக்கமும் வந்தபின், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இக்கல்லூரிகளில் பெருமளவில் நுழைந்தனர். உச்சத்தில் 550க்கும் மேற்பட்டிருந்த கல்லூரிகளின் எண்ணிக்கை இன்று 400ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. மறுபுறம் 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட், முன்பே இங்கு வேரூன்றியிருந்த டிசிஎஸ், 2000 ஜூலையில் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகச் சிறுசேரிவரை எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் ஆகியவை இந்த இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாக ஈர்த்துக்கொண்டன.

அவர்களைத் தேர்ந்தெடுத்த விதம் கவனத்திற்குரியது. பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை 60 விழுக்காடு, நிலுவைத் தாள் இல்லாமை, கணக்கும் தருக்கமும் கலந்த திறனறித் தேர்வு, ஆங்கிலத்தில் சில நிமிடம் பேசிக்காட்டல் ஆகியவற்றைக் கடந்தால் போதும். சிவில் படித்தவரும் டெக்ஸ்டைல் படித்தவரும் கணினி அறிவியல் படித்தவரோடு ஒரே வரிசையில் நின்று ஒரே சம்பளத்தில் சேர்ந்தனர். சேர்ந்தபின் மூன்று முதல் ஆறு மாதம்வரை நிறுவனமே பயிற்சி அளித்தது. இன்ஃபோசிஸ் இதற்கென்று மைசூரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தை ஒத்த பயிற்சி மையத்தையே நிறுவியது. பொறியியல் பட்டம் இங்கே ஒரு சல்லடையாகப் பயன்பட்டது. கணிதத்தில் கட்ஆஃப் வாங்கியவர், நான்கு ஆண்டு நெருக்கடியைத் தாங்கியவர், சொன்னதைக் கற்றுக்கொள்ளக்கூடியவர் என்ற சான்றாக நிறுவனங்கள் அதை வாங்கின. இயக்க முறைமை, தரவுத்தளம், கம்பைலர் வடிவமைப்பு என்று நான்கு ஆண்டு கற்ற பாடங்களுக்குத் தனி விலை ஏதும் இருக்கவில்லை.

ஆள்மணிக் கணக்கு

கிளை கேட்காத இந்த ஆளெடுப்பு எவ்வாறு இலாபமாயிற்று என்பதை, சேவை நிறுவனத்தின் வருவாய்க் கணக்கைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வாடிக்கையாளரிடம் நிறுவனம் விற்பது பெரும்பாலும் ஆள்மணிகளை, அதாவது இத்தனை பேர் இத்தனை மணிநேரம் உழைத்ததற்கான கட்டணத்தை. ஒரு விளக்கத்திற்காக, இந்தியாவிலிருந்து பணியாற்றும் தொடக்கநிலை ஊழியருக்கு மணிக்கு 20 டாலர் வீதம் மாதம் 160 மணிநேரம் கட்டணம் விதிக்கப்படுவதாகக் கொண்டால் வரவு 3,200 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 2,72,000 ரூபாய். அவருக்கு நிறுவனம் செலவிடுவது, அலுவலக வாடகை, மேலாளர் சம்பளம், பயிற்சி முதலியவற்றை ஒதுக்கிப் பார்த்தால், மாதம் 30,000 ரூபாய் அளவே. ஒதுக்கிய செலவுகள் பெரியவை என்றாலும் இடைவெளி அதனினும் பெரியது. அனுபவம் கூடிய ஊழியரின் சம்பளம் பல மடங்கு உயர்ந்தாலும் அவருக்கான கட்டணம் அதே மடங்கில் உயர்வதில்லை என்பதால், மேலே சிலரும் நடுவில் பலரும் அடியில் மிகப்பலருமாக அமைந்த கூம்பு வடிவமே இலாபத்தின் அடித்தளமாயிற்று. அடிப்பகுதியை ஆண்டுதோறும் புதியவர்களால் நிரப்பிக்கொண்டிருந்தால்தான் கூம்பு நிற்கும். வேலை ஒதுக்கப்படாமல் சம்பளம் மட்டும் பெற்றுக் காத்திருப்போர் வரிசைக்கு இத்துறையில் பெஞ்ச் என்று பெயர். அடுத்த திட்டம் எப்போது வந்தாலும் ஆள் தயாராக இருக்கும்பொருட்டு அந்த பெஞ்சையே நிறுவனங்கள் ஒரு முதலீடாகக் கருதின.

கூம்பின் அடியில் நுழைபவர் கைக்கு வருவது எவ்வளவு என்பதையும் காண வேண்டும், ஏனெனில் கல்லூரி விளம்பரப் பலகைகளில் காணப்படும் தொகைக்கும் வங்கிக் கணக்கில் ஏறும் தொகைக்கும் உறவு மெல்லியது. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று நியமனக் கடிதம் கூறுவதாகக் கொள்வோம். இது சிடிசி எனப்படும் தொகை. ஊழியரின் பொருட்டு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவைக் குறிப்பது. மாதத்திற்கு 30,000 ஆகும் இத்தொகையில் நிறுவனத்தின் வருங்கால வைப்புநிதிப் பங்கு 1,800 ரூபாயும், அடிப்படைச் சம்பளம் 15,000 எனில் அதில் 4.81 விழுக்காடாகிய பணிக்கொடை ஒதுக்கீடு 721 ரூபாயும் முதலில் கழியும். மருத்துவக் காப்பீட்டுக்கு 500 ரூபாயும், நிறுவனமும் ஊழியரும் இலக்கை எட்டினால்தான் கிடைக்கும் மாறுசம்பளத்திற்கு 3,000 ரூபாயும் போனால் மிச்சம் 23,979. அதிலிருந்து ஊழியரின் வைப்புநிதிப் பங்கு 1,800 ரூபாயும், சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய் என்ற தொழில்வரியின் மாதப் பங்காகிய சுமார் 208 ரூபாயும் பிடிக்கப்பட்டால் கையில் நிற்பது ஏறத்தாழ 22,000 ரூபாய். பணிக்கொடையோ நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால்தான் கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறுவனம் மாறுவதே வழக்கமான துறையில் அந்த 721 ரூபாய் தாளில் அச்சாகும் எண் மட்டுமே. துரைப்பாக்கத்திலோ நாவலூரிலோ மூவர் பங்கிடும் விடுதி அறைக்கும் உணவுக்கும் பயணத்திற்கும் கொடுத்தபின், கல்விக்கடன் தவணைக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கணக்கிடப் பெற்றோருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இத்தொகை இப்படி உறைந்துபோய் நீண்ட காலமாகிறது. 2010ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்தைச் சற்றுத் தாண்டிய தொகையை வழங்கின. அதன்பின் விலைவாசி இரு மடங்குக்கும் மேல் ஏறியிருக்க, பொதுத் தேர்வின் வழி வரும் பெருந்திரளுக்கு இன்றும் மூன்றரை இலட்சத்தைச் சுற்றியே வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்போர் எண்ணிக்கை இடங்களைவிடப் பன்மடங்காக இருக்கும்வரை இதை உயர்த்த வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு ஏற்படவில்லை. நிறுவனங்கள் செய்தது வேறு: பெருந்திரளை அப்படியே வைத்துக்கொண்டு, நிரல் எழுதும் தேர்வில் தேறுவோருக்கென ஏழு இலட்சம், ஒன்பது இலட்சம் என்று மேல்தட்டுகளை உருவாக்கின. டிசிஎஸ் நிறுவனத்தின் நின்ஜா, டிஜிட்டல், பிரைம் என்னும் மூன்று தட்டுகள் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. கற்ற கணினி அறிவுக்குச் சேவை நிறுவனங்களிலும் முதன்முதலாக விலை ஒன்று குறிக்கப்பட்டது இங்கேதான்.

முதற்படி தேயும் விதம்

கூம்பின் அடியில் என்ன வேலை நடந்தது என்று அறிந்தால்தான் அது ஏன் சுருங்குகிறது என்பது விளங்கும். வெளிநாட்டு வங்கி ஒன்றின் நாள்முடிவுக் கணக்குப் பணியைக் கண்காணிக்கும் குழுவை எடுத்துக்கொள்ளலாம். கிளைகளிலும் இணையத்திலும் பகல் முழுவதும் நடந்த பரிவர்த்தனைகளைத் தொகுத்து, வட்டி கணக்கிட்டு, அறிக்கைகளை உருவாக்கும் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இதற்கு பேட்ச் என்று பெயர். திரையில் ஒரு வரி சிவப்பானால், இரவுப்பணியில் இருக்கும் புதியவர் அந்த நிரலின் லாக் எனப்படும் செயற்குறிப்புக் கோப்பைத் திறக்க வேண்டும்; உள்ளீட்டுக் கோப்பு வரவில்லையா, வட்டில் இடமில்லையா, தரவுத்தளத்தின் அட்டவணையை வேறொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இன்ன பிழைக்கு இன்ன செயல் என்று முன்னரே எழுதிவைத்த ரன்புக்கின்படி மீண்டும் இயக்க வேண்டும்; இயங்காவிட்டால் எல்1 என்னும் முதல்நிலையிலிருந்து எல்2 என்னும் அடுத்த நிலைக்கு அனுப்பி, நடந்ததை டிக்கெட்டில் பதிய வேண்டும். கல்லூரிப் பாடத்தோடு ஒப்பிட்டால் இது எளிய வேலை, சலிப்பூட்டும் வேலையுங்கூட. ஆயினும் ஆறு மாதம் இதைச் செய்தவருக்கு, மாதக் கடைசியில் எந்தக் கோப்பு தாமதமாகும், எந்த நிரலின் வெளியீடு எதற்கு உள்ளீடு, எந்தப் பிழையைக் கண்டு அஞ்ச வேண்டும், எதைப் புறக்கணிக்கலாம் என்பவை கைவந்துவிடும். பின்னாளில் அதே அமைப்பைத் திருத்தி எழுதும் பொறியாளராக அவர் வளர்ந்தது இந்த இரவுகளின் பயனால்தான்.

லாக்கைப் படித்தல், தெரிந்த பிழையோடு ஒப்பிடல், மறுஇயக்கம், டிக்கெட் எழுதுதல் ஆகிய நான்கும் வடிவொழுங்கு மிக்க செயல்கள். ஆகவே முதலில் தானியங்கு நிரல்களுக்கும் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் எளிதில் வசப்படுபவை. சோதனைத் தரவு உருவாக்கல், கையால் செய்யும் மென்பொருள் சோதனை, ஒரு மொழியிலுள்ள நிரலை இன்னொரு மொழிக்கு மாற்றுதல், ஏற்கெனவே உள்ள படிவத்தைப் போல மற்றொன்று எழுதுதல் முதலிய புதியவர்களின் மற்ற வேலைகளும் அத்தகையவையே. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியான பின் இந்த மாற்றம் விரைவுபெற்றது என்றாலும், ஆளெடுப்பு சுருங்கியதற்கு அதையே முழுக் காரணமாகக் கூறுவது பிழையாகும். கொரோனாக் காலத்தில் உலகம் முழுவதும் நிறுவனங்கள் அவசரமாக இணையத்திற்கு மாறியபோது இந்தியத் துறை 2021-22இல் மட்டும் சுமார் நாலரை இலட்சம் பேரைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க வட்டிவிகிதம் உயர்ந்து வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்ததும் 2023-24இல் நிகரச் சேர்க்கை 60,000 அளவுக்கு வீழ்ந்தது. கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, சேரும் நாளை அறிவிக்கும் மின்னஞ்சலுக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்த பட்டதாரிகள் இந்தச் சரிவின் சாட்சிகள். 2024-25இல் சேர்க்கை ஓரளவு மீண்டு, தொழில்துறைக் கூட்டமைப்பான நாஸ்காமின் மதிப்பீட்டின்படி துறையின் வருவாய் 28,000 கோடி டாலரையும் பணியாளர் எண்ணிக்கை 58 இலட்சத்தையும் எட்டின. வருவாய் ஏறும் வேகத்தில் ஆள் எண்ணிக்கை ஏறுவதில்லை என்பதே இவ்வெண்களிலிருந்து படிக்க வேண்டிய செய்தி.

சுழற்சியால் நேர்ந்த சரிவு தானே நீங்கும். அமைப்பு மாற்றத்தால் நேர்வது நீங்காது. இரண்டையும் பிரித்தறிய அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. சம்பளக் கணக்குச் சேவை நிறுவனமான ஏடிபியின் பதிவுகளைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு மிகுதியாக உட்பட்ட தொழில்களில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டோரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 விழுக்காடு சரிந்ததாகவும், அதே தொழில்களில் மூத்தவர்களின் நிலை குலையவில்லை என்றும் காட்டியது. அங்கு நேர்ந்தது இங்கும் அதே அளவில் நேரும் என்று முடிவுகட்ட இடமில்லை. இந்தியாவில் புதியவரின் சம்பளம் குறைவு என்பதால் அவரை நீக்கிக் கருவியை வைப்பதில் மிச்சமாகும் தொகையும் குறைவு. மேலும், 2025 ஜூலையில் டிசிஎஸ் அறிவித்த, மொத்த ஊழியரில் 2 விழுக்காடாகிய சுமார் 12,000 பேரின் பணிநீக்கம் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்களையே குறிவைத்தது. கூம்பின் அடி மெலிகிறது, நடுவும் மெலிகிறது; இறுதியில் எந்த வடிவம் எஞ்சும் என்பதில் துறைத் தலைவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆறு மாதம் இரவுப்பணி செய்து அமைப்பைக் கற்கும் வாய்ப்பு சிலருக்கே கிடைக்கும் என்பதும், அந்தச் சிலர் முதல் நாளிலேயே ஓரளவு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கும் என்பதும் மட்டும் தெளிவு.

வேறு வாசல்கள்

சேவை நிறுவனங்களுக்கு வெளியே வாய்ப்பு வளர்கிறது, ஆனால் வாசல் குறுகலானது. வெளிநாட்டு நிறுவனங்கள் தம் சொந்தத் தொழில்நுட்பப் பணிகளுக்காக இந்தியாவில் நேரடியாக நடத்தும் அலுவலகங்கள் ஜிசிசி அல்லது உலகத் திறன் மையங்கள் எனப்படுகின்றன. நாடு முழுவதும் 1,700க்கும் மேற்பட்ட இம்மையங்களில் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் பணியாற்றுவதாக நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான சின்னோவும் 2024இல் கணக்கிட்டன. ஸ்டாண்டர்டு சார்டர்டு வங்கி, உலக வங்கி, ஃபோர்டு, அஸ்ட்ராசெனக்கா, பேபால் முதலியவற்றின் சென்னை மையங்களும் கோவையில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவும் இவ்வகையின. இங்கு ஊதியம் உயர்வு; ஆள்மணியை விற்க வேண்டிய தேவை இல்லாததால் பெஞ்சும் கூம்பும் இல்லை. அதனாலேயே ஆயிரம் பேரை எடுத்துப் பயிற்றுவிக்கும் வழக்கமும் இல்லை. அனுபவமுள்ளோரைச் சேவை நிறுவனங்களிலிருந்து ஈர்ப்பதும், புதியவர்களைச் சில குறிப்பிட்ட கல்லூரிகளில் மாதக்கணக்கான இன்டர்ன்ஷிப் வழியாகச் சோதித்து எடுப்பதுமே இவற்றின் நடைமுறை. சேவை நிறுவனங்கள் புதியவரை எடுப்பதைக் குறைத்தால் நான்கைந்து ஆண்டு கழித்து இம்மையங்களுக்கு அனுபவசாலிகள் எங்கிருந்து வருவர் என்ற கேள்விக்கு இதுவரை எவரும் விடை கூறவில்லை.

சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும் பொருள்சார் நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டில் வலுவான மரபு உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றிய ஸோஹோவும், அதிலிருந்து வெளிவந்தோர் 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸும் அறியப்பட்டவை. பிளஸ் டூ முடித்தவர்களையே சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்றுவித்துப் பொறியாளராக்கும் ஸோஹோவின் பள்ளி, பட்டம் வெறும் சல்லடை என்ற கூற்றை வேறொரு முனையிலிருந்து மெய்ப்பிக்கிறது. சல்லடையைத் தானே வைத்திருக்கும் நிறுவனத்திற்குப் பல்கலைக்கழகத்தின் சல்லடை தேவைப்படவில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் இந்நிறுவனம் அலுவலகம் அமைத்ததும், விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் 2024இல் நியோ டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டதும் சென்னை வாடகையிலிருந்து சிலரையேனும் காக்கக்கூடும். விழுப்புரத்தில் 22,000 ரூபாய் என்பது நாவலூரில் கிடைக்கும் 22,000 ரூபாய் அன்று.

விந்தை என்னவெனில், பட்டச் சான்றிதழில் "கணினி" என்ற சொல் அச்சாகியிருப்பதைச் சட்டப்படி கேட்கும் வேலைகள் பெரும்பாலும் அரசுத் துறையிலேயே இருக்கின்றன. பொதுத்துறை வங்கிகளின் தகவல் தொழில்நுட்ப அலுவலர் பணி, கேட் மதிப்பெண் வழி நிரப்பப்படும் சில பொதுத்துறைப் பணிகள், அரசுப் பள்ளிகளின் கணினி பயிற்றுநர் பணி, பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணி முதலியவற்றுக்கு மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜாவா கற்றவர் விண்ணப்பிக்க இயலாது. இடங்கள் குறைவு, அறிவிப்புகள் தாமதம் என்றாலும் கிளைக்கு மதிப்புள்ள வாசல் இதுவே. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தோரின் நிலை வேறு: பொறியியல் பட்டதாரியைவிடக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்து, வேலைபார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வழிசெய்யும் விப்ரோவின் திட்டம் போன்றவை பல ஆண்டுகளாக அவர்களுக்குத் துணைநின்றன. 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டதால், மூன்றும் இரண்டுமாக ஐந்தாண்டில் முதுகலைப் பட்டம் பெறும் இப்பாதை, சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் நான்காண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட எளிய குடும்பங்களுக்கு இன்றும் அறிவார்ந்த தேர்வே.

அமெரிக்கா என்ற வாசல் முன்போல் அகலமாக இல்லை. அங்கு கணினித்துறையில் எம்.எஸ். முடித்தவர் படிப்பைத் தொடர்ந்த பயிற்சிப் பணிக்கென 36 மாதம்வரை தங்கலாம் என்பதும், ஆண்டுக்கு 65,000 எச்-1பி விசாக்களும் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 விசாக்களும் உண்டு என்பதும் கடன் வாங்கிச் செல்வோரின் கணக்கிற்கு ஆதாரமாக இருந்தன. அமெரிக்காவுக்கு வெளியே இருப்போருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வெளியான அதிபர் பிரகடனம் அக்கணக்கின் உறுதியைக் குறைத்தது. அரைக்கோடியை நெருங்கும் கடனை அந்த நம்பிக்கையின்மீது மட்டும் ஏற்றுவது இன்றைய நிலையில் சூதாட்டத்திற்குச் சமம்.

வாசல்கள் குறுகும்போது சுவரேறிக் குதிக்க வழிகாட்டுவோரும் தோன்றுவது இயல்பு. மூன்றாண்டு அனுபவம் இருப்பதாகப் போலிச் சான்றும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தரும் சில பயிற்சி நிலையங்களை நாடி, புதியவர் என்ற முத்திரையைத் தவிர்க்க முயல்வோர் உண்டு. வைப்புநிதிக் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கொண்டு எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் செலுத்தியது என்பதைச் சரிபார்க்க முடிகிற இக்காலத்தில், அந்தச் சான்று சில மாதங்களில் வெளுத்து, உண்மையான அனுபவத்திற்கும் சேர்த்து வழியடைத்துவிடுகிறது.

கல்லூரியின் பங்கு

கற்ற அறிவு பொருட்படத் தொடங்கியதென்றால் கற்பிக்கும் இடத்தின் தரம் தலையாய கேள்வியாகிறது. கணினிப் பிரிவுகளின் விரிவாக்கம் மிகவும் நொய்ந்து நிற்பதும் அங்கேதான். இடங்களைப் பெருக்க ஓர் அரசாணையும் சில அறைகளும் போதும். ஆசிரியர்களைப் பெருக்க அவை போதா. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளிப்படுத்தியபின் அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்க நேர்ந்தது. நிரல் எழுதத் தெரிந்த எம்.இ. பட்டதாரிக்கு நிறுவனம் தரும் ஊதியத்தில் பாதியைக்கூடப் பல சுயநிதிக் கல்லூரிகள் தருவதில்லை என்ற நிலையில் வேறென்ன எதிர்பார்க்க இயலும்? செயற்கை நுண்ணறிவு என்று பெயர்சூட்டிய பிரிவுகளில், அப்பாடத்தின் அடித்தளமாகிய நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் தேர்வு விடைத்தாளுக்கு அப்பால் கொண்டுசெல்ல வல்லவர் எத்தனை பேர் என்பது சேர்க்கைக் கையேட்டில் அச்சாவதில்லை.

2022 மார்ச்சில் தொடங்கிய அரசின் நான் முதல்வன் திட்டம், தொழில்துறைப் பாடங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டம், ஜேஇஇ தேர்வின்றியும் சேர இடந்தந்து, வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே கற்க விரும்புவோருக்கு அரிய வாய்ப்பாக அமைந்திருக்கிறது. இவை துணைகள், நான்கு ஆண்டுகளில் தினமும் எட்டு மணிநேரம் நடக்கும் வகுப்பறைக்கு மாற்றாக மாட்டா. நிரலை எழுதித் தரும் கருவி எல்லோர் கையிலும் இருக்கும்போது நேர்காணலில் கேட்கப்படுவது, அந்தக் கருவி எழுதியதில் பிழை எங்கே என்பதுதான். தரவுத்தளத்தில் இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே வரியை ஒரே கணத்தில் மாற்ற முயன்றால் என்னாகும் என்பதைப் படமின்றி விளக்க இயலாத மாணவருக்கு அந்தப் பிழை கண்ணில் படாது. கம்பைலர், இயக்க முறைமை, தரவுத்தளம் என்று இருபதாண்டுக் காலம் வேலைக்கு உதவாதவை என்று மாணவர்கள் ஒதுக்கிய பாடங்களே இப்போது மேல்தட்டு வேலைக்கும் கீழ்த்தட்டு வேலைக்கும் இடையிலுள்ள வேலியாக நிற்கின்றன.

எந்தக் கல்லூரி என்று தீர்மானிக்க விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு எண்ணிக்கை என்று கல்லூரிகள் அறிவிப்பது பெரும்பாலும் வந்த கடிதங்களின் எண்ணிக்கையை. மூன்று நிறுவனங்களின் கடிதம் பெற்ற ஒரு மாணவர் அதில் மூவராகிவிடுவார், சேரும் நாள் வராமலே போனவரும் அதில் அடங்குவார். பலகையில் கொட்டை எழுத்தில் மின்னும் உச்ச ஊதியம் ஒருவருடையது. இதற்கு மாறாக, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினர், எத்தனை பேர் வேலை பெற்றனர், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர், வேலை பெற்றோரின் இடைமதிப்பு ஊதியம் எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாக ஒப்படைத்துத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். இடைமதிப்பு என்பது அனைவரின் ஊதியத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் தொகை. ஒருவரின் உச்ச ஊதியத்தால் அதை உயர்த்திக்காட்ட முடியாது. கல்லூரியே தரும் கணக்கு என்பதால் அதையும் முற்றாக நம்ப இயலாதெனினும், தேறியோர் எண்ணிக்கையையும் வேலை பெற்றோர் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பல பலகைகளின் சாயம் வெளுத்துவிடும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவுசெய்வதற்கு முன் பெற்றோரும் மாணவரும் அந்த அட்டவணையைத் திறந்து ஒரு முறையேனும் படிக்க வேண்டும். அது இலவசமாகக் கிடைக்கிறது, தேடி எடுக்கப் பத்து நிமிடம் போதும்.